குண்டு விழுந்த பிறகு யார் எண்ணுவது?

தோஹாவில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. காத்தான்குடிப் பிள்ளை. உயர்தரத்தில் என்னிடம் பௌதிகவியல் படித்தவர். கேள்வியை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

“சேர், ஈரானோடு இருபது வருசமாகக் கதைத்தார்கள். ஒன்றும் முடியவில்லை. யூன் மாதம் அடித்தார்கள். அதாலும் முடிந்த மாதிரித் தெரியவில்லை. அணுகுண்டு பரவுவதை நிறுத்துவதென்றால் உண்மையில் எது வேலை செய்யும், அடியா பேச்சா? இன்னொன்று, ஈரானின் புஷெர் அணுமின் உலையில் குண்டு விழுந்திருந்தால் இங்கே எங்களுக்கு என்ன ஆகியிருக்கும்? அயடின் குளிசை வாங்கி வைக்கச் சொல்லி இங்கே சிலர் சொல்கிறார்கள்.”

தம்பி, பதில் எழுத மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவிட்டேன், குறை நினையாதேயும். 2025 யூன் 23 இரவு கத்தாரில் உள்ள அமெரிக்காவின் அல் உதெய்த் தளத்துக்கு ஈரானின் ஏவுகணை வந்தபோது உம்முடைய வாப்பா எனக்குத்தான் போன் எடுத்தார். “டிவியில கத்தார் எண்டு போகுது சேர், மகன் போன எடுக்கிறான் இல்ல” என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை. அந்தக் கிழமையில் எழுதியிருந்தால் கோபத்தைத்தான் எழுதியிருப்பேன். இப்போது படுவான்கரையில் மாரி விதைப்புக்கு உழவு தொடங்கிவிட்டது. எனக்கும் தலை கொஞ்சம் ஆறியிருக்கிறது.

அடியா பேச்சா என்று கேட்டால் அது பட்டிமன்றத் தலைப்பு மாதிரி ஆகிவிடும். இரண்டு பக்கமும் நல்ல உதாரணம் இருக்கிறது, ஆளுக்கு ஏழு நிமிடம் பேசிவிட்டுப் போகலாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. அடித்த மறுநாளோ கையெழுத்து வைத்த மறுநாளோ, அந்த நாட்டில் எவ்வளவு யுரேனியம் இருக்கிறது, எந்த அறையில் இருக்கிறது என்று வெளியாள் ஒருவருக்குத் தெரியுமா? தெரிந்தால் அந்த வழி வேலை செய்கிறது. நேற்றுவரை தெரிந்தது இன்றைக்குத் தெரியாமல் போயிற்று என்றால், எவ்வளவு பெரிய குண்டு போட்டிருந்தாலும் நிலைமை முன்னையதைவிட மோசம்.

எண்ணுவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர். வகுப்பில் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன். இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழுதான் எளிதில் பிளக்கும் 235 வகை, மற்றதெல்லாம் 238. ஆயிரம் மணி நெல்லில் ஏழு மணி மட்டும் வேறு இனம் என்று வையும். நிறம் ஒன்று, பருமன் ஒன்று, எடையில் மட்டும் நூற்றில் ஒரு பங்கை ஒட்டிய வித்தியாசம். சுளகில் போட்டுப் புடைக்க முடியாது. வாயுவாக்கி, செக்கனுக்கு ஆயிரம் தரமளவில் சுழலும் உருளைகளுக்குள் விட்டுத்தான் பிரிக்கவேண்டும். செறிவூட்டல் என்பது இதுதான். சரி, மின்நிலையத்துக்கு 4 சதவீதம் போதும். அதற்கு 825 மணியை வெளியே எறிந்தால் மிச்சம் 175, அதற்குள் அந்த ஏழு. இன்னும் 140ஐ எறிந்தால் 35, அது 20 சதவீதம். இன்னும் 23ஐ எறிந்தால் 12, கிட்டத்தட்ட 60 சதவீதம். குண்டுக்கு வேண்டிய 90க்குப் போக அதற்குமேல் எறியவேண்டியது நாலே நாலு மணி.

(உண்மையான ஆலையில் கழிவோடு சேர்ந்து 235உம் கொஞ்சம் போய்விடும், கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. கரும்பலகைக்கு இது போதும்.)

ஆகவே 60 சதவீதத்தில் நிற்கும் ஒருவர் “நான் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறேன்” என்றால் நம்பாதேயும். அவர் ஆயிரத்தில் 988ஐ எறிந்து முடித்தவர். அப்படி முடித்த சரக்கை வைக்கப் பெரிய ஆலை தேவையில்லை. கார் டிக்கியில் ஏற்றக்கூடிய சிலிண்டர்கள் போதும். வானத்திலிருந்து பார்த்தால் ஆலை தெரியும், மலையைக் குடைந்த வாசல் தெரியும். சிலிண்டர் தெரியாது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். அடிக்கவேண்டும் என்பவர்கள் முதலில் காட்டுவது 1981 யூன் 7. அன்று இஸ்ரேலின் எட்டு எப்-16 விமானங்கள், பாக்தாத்துக்குப் பக்கத்தில் துவைத்தாவில் பிரான்ஸ் கட்டிக்கொடுத்த ஒசிராக் உலையைச் சில நிமிடங்களில் உடைத்துவிட்டுப் போயின. பத்து ஈராக்கியப் படையினரும் ஒரு பிரெஞ்சுப் பொறியியலாளரும் இறந்தார்கள். பாதுகாப்புச் சபை 487ஆம் தீர்மானத்தால் கண்டித்தது. அமெரிக்காவும் சேர்ந்தே வாக்களித்தது. பத்து வருடம் கழித்து வளைகுடாப் போர் வந்தபோது, “அன்று அடித்திராவிட்டால் இன்று சதாமிடம் குண்டு இருந்திருக்கும்” என்ற பேச்சு எங்கும் இருந்தது. ஆசிரியர் ஓய்வறையில் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு வெளியே வந்த கதை வேறு. அந்த உலையில் பிரெஞ்சுக்காரர்கள் வேலை செய்தார்கள், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் வந்துபோனார்கள். அதிலிருந்து கள்ளமாகப் புளூட்டோனியம் (குண்டு செய்யக்கூடிய மற்றச் சரக்கு) எடுப்பது லேசான வேலை இல்லை. அது உடைந்ததும் சதாம், காவலில் வைத்திருந்த பௌதிகவியலாளர் ஜாபர் தியா ஜாபரை வெளியே விட்டு, யுரேனியத்தைச் செறிவூட்டும் வேலையை இரகசியமாகத் தொடங்க வைத்தார். இந்தத் தடவை பிரெஞ்சுக்காரரும் இல்லை, பரிசோதகரும் இல்லை. போட்ட ஆளும் காசும் மட்டும் முன்னையதைவிடப் பல மடங்கு.

1991இல் ஆறு கிழமை குண்டு போட்டார்கள். உலகத்தின் பெரிய உளவுத் துறைகள் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் போட்டார்கள். போர் முடிந்து, 687ஆம் தீர்மானத்தின் கீழ் பரிசோதகர்கள் உள்ளே போன பிறகுதான் பட்டியலிலேயே இல்லாத இடங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரிய மின்காந்தங்களால் யுரேனியத்தைப் பிரிக்கும் கலுட்ரோன் என்ற கருவிகள் அகப்பட்டன. அமெரிக்கர்கள் இரண்டாம் உலகப் போரில் பாவித்துவிட்டுக் கைவிட்ட பழைய முறை அது. இந்தக் காலத்தில் யார் அதைச் செய்வார்கள் என்று ஒருவரும் தேடவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் பாக்தாத்தில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் பரிசோதகர்களை நாலு நாள் மறித்து வைத்தார்கள், கைப்பற்றிய ஆவணங்களைத் தந்துவிட்டுப் போகச் சொல்லி. அவர்கள் கொடுக்கவில்லை. ஈராக்கின் அணுத் திட்டத்தை முடித்தது விமானமா, காகிதக் கட்டோடு அந்த வெயிலில் குந்தியிருந்த ஆட்களா என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. போரில் தோற்றிராவிட்டால் சதாம் அவர்களை உள்ளே விட்டிருக்கவே மாட்டார்.

அதே ஈராக்கில் 2003இல் நடந்தது உமக்கே தெரியும். பரிசோதகர்கள் உள்ளே நின்றார்கள். அணுத் திட்டம் திரும்பத் தொடங்கியதற்கு ஆதாரம் எதுவும் காணவில்லை என்று முகவரகத்தின் தலைவர் எல்பரடேய் மார்ச் 7ஆம் திகதி பாதுகாப்புச் சபையில் சொன்னார். இரண்டு கிழமை கழியவில்லை, அமெரிக்கப் படை புகுந்தது. தேடியது கிடைக்கவும் இல்லை. எண்ணிச் சொல்ல ஆள் இருந்தும் கேட்க மனமில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

அம்பாறைப் பக்கம் வயல் காவல் இருந்தவர்களுக்கு ஒசிராக் கதையை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. யானை வெடி போட்டால் யானை போகும். எந்த வட்டைக்குப் போயிற்று என்பது விடிந்தால்தான் தெரியும்.

அடி சரியாக விழுந்த இடமும் உண்டு. 2007 செப்டெம்பர் 6, சிரியாவில் டெயிர் எஸ்ஸோர் பாலைவனத்தில் அல் கிபார். வடகொரியாவின் உதவியோடு, முகவரகத்துக்குச் சொல்லாமல் கட்டிக்கொண்டிருந்த உலை என்றுதான் பின்னால் பெரும்பாலும் முடிவு கட்டினார்கள். முகவரகமும் 2011இல் அது உலையாக இருந்திருக்கவே கூடுதல் சாத்தியம் என்றது. ஒரே இரவில் முடிந்தது, போர் மூளவில்லை, சிரியா அதைத் திரும்பக் கட்டவும் இல்லை. ஏன் என்று யோசித்துப் பாரும். ஒரே ஒரு கட்டடம். அறிவு வெளியிலிருந்து வந்தது, உள்ளூரில் அதைத் திரும்பச் செய்யக்கூடிய ஆள்பலம் இல்லை. அடித்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. இஸ்ரேல் அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 2018இல்தான். மானம் போகாததால் அன்றைய சிரிய ஜனாதிபதி அசாதுக்கும் பதிலடி கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் வரவில்லை. இத்தனையும் சேர்ந்து அமைந்தால் அடி வேலை செய்யும். ஈரானில் இதில் ஒன்றுகூட இல்லை. பல இடங்கள், முப்பது வருடமாகச் சேர்ந்த சொந்த அறிவு, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் மேடை.

பரிசோதகர்களைப் பற்றி ஒரு நக்கல் எப்போதும் உண்டு. துவக்கும் இல்லை, பிடித்து அடைக்க அதிகாரமும் இல்லை, எழுதி எழுதி வைப்பதால் என்ன பிரயோசனம்? எங்கள் வயல்களில் வட்டவிதானை என்ன செய்கிறார்? அவர் கையிலும் துவக்கு இல்லை. எந்தத் துரிசு எப்போது திறந்தது, யாருடைய மாடு யாருடைய வயலில் இறங்கியது என்று நடந்து பார்த்துக் கூட்டத்தில் சொல்கிறார். அவ்வளவுதான். அவர் இல்லாத போகத்தில் மேல்வயல்காரன் தண்ணீர் களவெடுக்கிறான் என்று கீழ்வயல்காரன் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பான். மேல்வயல்காரன் உண்மையில் எடுத்தானா என்பதே முக்கியமில்லாமல் போய்விடும். மண்வெட்டி எழும்பும்.

நீர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மட்டக்களப்பில் நோர்வே தலைமையிலான போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் வாகனங்கள் ஓடித்திரிந்தது நினைவிருக்கும். 2002க்குப் பிறகு. இதே கேள்வியை அப்போது நானும் கேட்டவன். கடத்தினால் எழுதுகிறார்கள், சுட்டால் எழுதுகிறார்கள், இவர்கள் எழுதுவதால் யார் உயிர் திரும்பி வந்தது என்று. உண்மைதான், அவர்களால் போரை நிறுத்த முடியவில்லை. 2008 சனவரி 16இல் உடன்படிக்கை முறைப்படி முடிந்து அவர்கள் போனபோதுதான், இனி நடப்பதை வெளியிலிருந்து வந்து எழுத ஒருவரும் இல்லை என்பது உறைத்தது. அணு விடயத்தையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இது பக்கச்சார்பு என்றால் சரி, அப்படியே வைத்துக்கொள்ளும்.

ஈரானுக்கு வருகிறேன். முதலில், ஈரானை அப்பாவி என்று சொல்ல வரவில்லை. நத்தான்ஸ் செறிவூட்டும் ஆலை 2002இல் வெளியே வந்தது, கோம் நகருக்குப் பக்கத்தில் மலைக்குள் குடைந்த போர்டோ 2009இல். இரண்டையும் தாங்களாக முன்கூட்டிச் சொல்லவில்லை. அகப்படப் போகும் நேரத்தில் சொன்னதும், அகப்பட்ட பிறகு ஒப்புக்கொண்டதும்தான். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

வல்லரசுகளோடு ஈரான் செய்த 2015 யூலை 14 ஒப்பந்தம் அந்தச் சந்தேகத்தை நம்பிக்கையால் தீர்க்கப் பார்க்கவில்லை, அளவால் தீர்க்கப் பார்த்தது. எனக்கு அதில் பிடித்தது அதுதான். செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கையிருப்பு 300 கிலோ. பத்தொன்பதாயிரம் அளவில் இருந்த சுழல் உருளைகள் ஆறாயிரம் அளவுக்கு இறங்கவேண்டும். அந்த டிசெம்பரிலேயே சுமார் 11 தொன் செறிவூட்டிய யுரேனியம் கப்பலில் ரஷ்யாவுக்குப் போயிற்று. புளூட்டோனியம் தரக்கூடிய அராக் உலையின் மையப் பகுதிக்குள் கொங்கிறீற் ஊற்றினார்கள். கமராவும் முத்திரையும் வைத்தார்கள். ஒரு குண்டுக்கான சரக்கைச் சேர்க்க இரண்டு மூன்று மாதம் என்றிருந்தது ஒரு வருடம் ஆயிற்று. ஈரான் சொன்னபடி நடக்கிறது என்று முகவரகம் அறிக்கைக்கு மேல் அறிக்கை கொடுத்தது. குறையும் இருந்தது. பல கட்டுப்பாடுகள் பத்து, பதினைந்து வருடத்தில் முடிபவை. ஏவுகணை அதற்குள் வரவில்லை. அந்தக் குறைகளைக் காட்டித்தான் 2018 மே 8 அன்று டிரம்ப் வெளியேறினார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாரும். ஈரான் ஒரு வருடம் பொறுத்தது, 2019இல் எல்லைகளை மீறத் தொடங்கியது. 2020 நவம்பரில் விஞ்ஞானி பக்ரிசாதேயைக் கொன்றார்கள். சனவரியில் செறிவு 20 சதவீதம். 2021 ஏப்ரலில் நத்தான்ஸில் நாசவேலை. சில நாட்களில் 60 சதவீதம். 2022 யூனில் முகவரகத்தின் ஆளுநர் சபை கண்டித்தது. ஈரான் 27 கமராக்களைக் கழற்றியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி மேலே, ஒவ்வொரு படிக்கும் ஒரு கண் குறைவு.

2025இல் ஓமான் நடுவில் நின்று ஐந்து சுற்றுப் பேச்சு நடந்தது. ஆறாவது மஸ்கட்டில் யூன் 15க்குக் குறித்திருந்தார்கள். 13ஆம் திகதி விடிய இஸ்ரேல் அடித்தது. 22ஆம் திகதி அமெரிக்காவின் பி-2 விமானங்கள் போர்டோவிலும் நத்தான்ஸிலும் ஒவ்வொன்றும் பதின்மூன்றரைத் தொன் எடையுள்ள 14 குண்டுகளைப் போட்டன. 23 இரவு உம்முடைய தலைக்கு மேல் நடந்தது உமக்குத் தெரியும். 24இல் நிறுத்தினார்கள். ஈரானில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்பது அந்த அரசு சொன்ன கணக்கு. ஆலைகள் கடுமையாகச் சேதமானதை நான் மறுக்கவில்லை. திரும்பக் கட்டக் காலம் எடுக்கும். ஆனால் அடிக்கு முதல்நாள் 60 சதவீதச் சரக்கு சுமார் 440 கிலோ இருந்ததாக முகவரகம் கணக்கு வைத்திருந்தது. இன்னும் செறிவூட்டினால் பத்துக் குண்டு அளவுக்குப் போதும். அடிக்குப் பிறகு யூலையில் முகவரகத்தோடு ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டம் ஈரானில் நடைமுறைக்கு வந்தது. செப்டெம்பர் கடைசியில் ஐ.நா. தடைகளும் திரும்ப வந்துவிட்டன. நான் இதை எழுதும் 2025 ஒக்டோபர்வரை அந்த 440 கிலோவை எந்தப் பரிசோதகரும் கண்ணால் பார்த்து நிறுக்கவில்லை. என் அளவுகோலை மேலே சொன்னேன். அதன்படி 2016இல் உலகம் எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது என்று நீரே வைத்துப் பாரும்.

அப்படியானால் பேச்சுத் தோற்றதே இல்லையா என்று நீர் கேட்பீர். தோற்றது. வடகொரியா. 1994இல் யொங்பியொன் உலையை அடிக்க கிளின்டன் அரசு திட்டம் போட்டது. சியோல் நகரம் எல்லையிலிருந்து 50 கிலோமீற்றர். பீரங்கி எட்டும் தூரம். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் பியொங்யாங் போனார், ஒக்டோபரில் உடன்பாடு வந்தது. எட்டு வருடம் அந்த உலை ஓடவில்லை, எண்ணாயிரம் எரிபொருள் கோல்கள் பரிசோதகர்களின் முத்திரைக்குக் கீழே கிடந்தன. ஆனால் தருவதாகச் சொன்ன மின் உலைகளை அமெரிக்கத் தரப்பு இழுத்தடித்தது. வடகொரியா பக்கத்தால் களவாக யுரேனியப் பாதையைத் தேடியது. 2002இல் எல்லாம் உடைந்தது. பரிசோதகர்களை வெளியே போகச் சொன்னார்கள், முத்திரையை உடைத்தார்கள், கோல்களிலிருந்து புளூட்டோனியம் எடுத்தார்கள், 2006 ஒக்டோபர் 9 முதல் வெடிப்பு. பேச்சு தோற்றதென்று சொல்வது சரி. எந்தத் திகதியில் தோற்றதென்றும் பார்க்கவேண்டும். ஆள் உள்ளே நின்ற எட்டு வருடத்தில் அந்த உலையிலிருந்து ஒரு குண்டுக்கும் சரக்கு வரவில்லை.

களவாகத் தேடிய பாதை என்றேனே, அதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு, பெருமைப்பட ஒன்றும் இல்லை. பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கான் நடத்திய அணுக் கருவிக் கள்ளச் சந்தையில், துபாயிலிருந்து சரக்கு அனுப்பும் வேலையைப் பார்த்தவர் இலங்கையைச் சேர்ந்த ஒரு வணிகர். 2004இல் அமெரிக்க ஜனாதிபதியே அவர் பெயரைச் சொல்லிப் பேசினார். உருளைகளின் பாகங்கள் மலேசியாவில் ஒரு சாதாரண இயந்திரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. 2003 ஒக்டோபரில் ‘பிபிசி சைனா’ என்ற கப்பல் லிபியாவுக்குப் போகும் வழியில் இத்தாலியின் தரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டு, பெட்டிகள் இறக்கப்பட்டன. ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. இரண்டு மாதத்தில் கடாபி முழுத் திட்டத்தையும் ஒப்படைத்தார். இதை அடிக் கணக்கில் எழுதுவதா பேச்சுக் கணக்கில் எழுதுவதா? கப்பல் பத்திரமும் சுங்கமும் என்று மூன்றாவது கணக்கு ஒன்று திறக்கவேண்டும். அது தொலைக்காட்சிக்கு அழகாக இருக்காது.

ஈராக்கை அடித்த பயத்தில்தான் கடாபி கொடுத்தார் என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அவர் இரகசியமாகக் கதைக்கத் தொடங்கியது அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே. தடைகளால் நாடு களைத்துப்போயிருந்தது. அடி விழலாம் என்ற எண்ணம் பேச்சு மேசைக்குக் கீழே இருப்பது உதவும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். விழுந்த பிறகு அந்த உதவி தீர்ந்துபோகிறது. கையில் பிடித்திருக்கும் கல்லை எறியும்வரைதான் நாய் தூர நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கொடுத்த வாக்கு. 2011இல் கடாபி ஆட்சி கவிழ்ந்து கொல்லப்பட்டதை வடகொரியா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறது. சோவியத் விட்டுப்போன சுமார் 1,900 பெரிய அணுகுண்டுகள் உக்ரேன் மண்ணில் கிடந்தன. இயக்கும் அதிகாரம் மொஸ்கோவிடம்தான் இருந்தது, இருந்தாலும் பொருள் இவர்கள் கையில். 1994 டிசெம்பரில் புடாபெஸ்ட்டில் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் எழுதிக் கொடுத்ததை நம்பித் திருப்பிக் கொடுத்தார்கள். 2014இல் கிரிமியா போயிற்று. 2022இல் முழுப் படையெடுப்பு. இனிமேல் “குண்டை விடு, நாங்கள் இருக்கிறோம்” என்று ஒருவரிடம் போய்ச் சொல்ல எந்த முகத்தோடு போவது?

எங்கள் நாட்டு ஆட்கள் இதை முன்கூட்டியே சொன்னவர்கள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை 1995இல் நியூயோர்க்கில் காலவரையறையின்றி நீடித்த மாநாட்டின் தலைவர் ஜயந்த தனபால. வாக்கெடுப்பு இல்லாமல் ஒப்பேற்றினார். அதற்கு விலையாக வல்லரசுகள், தங்கள் குண்டுகளைக் குறைப்போம், மத்திய கிழக்கைப் பேரழிவு ஆயுதமில்லாத வலயமாக்கப் பாடுபடுவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வலயம் இன்றுவரை வரவில்லை. இஸ்ரேல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே வைக்கவில்லை. அடுத்த வருடம் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதி வீரமந்திரி, அணு ஆயுதத்தை எந்தச் சூழ்நிலையிலும் பாவிப்பதும் பாவிப்பேன் என்று மிரட்டுவதும் சட்டவிரோதம் என்று தனியாக நீண்ட மாற்றுக் கருத்து எழுதினார். ஒரு சின்ன நாட்டிலிருந்து போன இரண்டு பேர், இந்த வீட்டின் அத்திவாரத்தில் எங்கே வெடிப்பு என்று அப்போதே விரல் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

இவ்வளவு வெடிப்போடும் வீடு நிற்கிறது என்பதுதான் ஆச்சரியம். 1970களில் 15 தொடக்கம் 25 நாடுகளிடம் குண்டு இருக்கலாம் என்று 1963இல் கென்னடி பயந்தார். இன்றைக்கு ஒன்பது. தென்னாபிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து முடித்துவிட்டுத் தானே கழற்றியது. பிரேசிலும் ஆர்ஜென்டினாவும் ஒருவர் ஆலையை மற்றவர் வந்து எண்ண 1991இல் ஓர் அமைப்பை உருவாக்கின. தென்கொரியாவையும் தாய்வானையும் அமெரிக்கா உதவியை நிறுத்துவேன் என்று சொல்லியே மடக்கியது. இவற்றில் ஒன்றின் மேலும் குண்டு விழவில்லை. நடக்காத விடயத்துக்குத் தலைப்புச் செய்தி கிடையாது, அதனால் எங்கள் கண்ணில் படுவதில்லை.

இனி உம்முடைய இரண்டாவது கேள்வி. நத்தான்ஸ், போர்டோ மாதிரி இடங்களில் இருப்பது புதிய யுரேனியம். உடைந்தால் பெரும்பாலும் நச்சு வாயு ஆபத்து. ஐதரோபுளோரிக் அமிலம் உண்டாகும், அந்தச் சுற்றாடலில் நிற்பவருக்குப் பொல்லாதது, கடல் தாண்டி வராது. புஷெர் அப்படி இல்லை. 2011 தொடக்கம் ஓடும் ஆயிரம் மெகாவாட் மின் உலை. அதற்குள் பிளந்த எரிபொருளின் கழிவுகள், சீசியமும் அயடினும் அடக்கம், மலைபோல் இருக்கின்றன. நேரடியாக அடி விழுந்தால் கதிர்வீச்சுப் பெரிய அளவில் வெளியேறும் என்று முகவரகத்தின் தலைவர் குரொஸி அந்த யூனிலேயே பாதுகாப்புச் சபையில் எச்சரித்தார். அந்தத் தடவை அடித்தவர்களும் அதைத் தொடவில்லை.

தோஹாவுக்கும் புஷெருக்கும் இடையில் சுமார் 400 கிலோமீற்றர், குவைத் அதைவிடக் கிட்ட. அவ்வளவு தூரத்தில் காற்றைவிட எனக்குப் பயம் தண்ணீரில்தான். நீங்கள் அங்கே குடிப்பது அந்தக் கடலைச் சுத்திகரித்த தண்ணீர். கடலில் கலந்தால் ஆலைகள் உள்ளெடுப்பதை நிறுத்தவேண்டி வரும். ஆகவே அறையில் ஆளுக்கு ஒரு கிழமைக்குக் காணக்கூடிய போத்தல் தண்ணீர் எப்போதும் வைத்திரும், பழையதைக் குடித்துப் புதியதை அடுக்கும். அயடின் குளிசையை வட்சப்பில் வந்த கதையை நம்பி விழுங்கவேண்டாம். அது தைரொயிட்டுக்கு மட்டும்தான் பாதுகாப்பு, அதுவும் அரசு சொல்லும் நேரத்தில் எடுத்தால். நாற்பது தாண்டியவர்களுக்கு அதனால் வரும் நன்மை மிகக் குறைவு. உம்முடைய அறையில் இருக்கும் ஓட்டமாவடிக்காரருக்கும் இதைச் சொல்லும். அவருக்குத்தான் பிரஷர் இருக்கிறது என்று சொன்னீர். அவர் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது.